அவிராச்சன் கூப்பிட்ட வாத்துகள்

அவிராச்சனின் தொண்டை அவனுடைய உடம்பைவிடப் பெரியது. ஆள் குள்ளம். வள்ளத்தின் முனையில் கழுக்கோலை ஊன்றி நின்றால், கோலுக்கு ஓர் ஆளைக் கட்டிவைத்த மாதிரித் தெரியும். ஆனால் வாயைத் திறந்து "ஹோ... ஹோய்... வாவ்வா வாவ்வா" என்று ஓர் இழுப்பு இழுத்தான் என்றால் கைதத்தோடு என்கிற வாய்க்காலின் இந்த வளைவிலிருந்து அடுத்த வளைவுவரை கேட்கும். கரையில் துணி அடித்துக்கொண்டிருக்கும் பெண்கள் கையை நிறுத்துவார்கள். தண்ணீரில் கண்டபடி சிதறிக் கிடக்கும் வாத்துகள் ஒரே நேரத்தில் கழுத்தைத் தூக்கும். விரித்த பாயைச் சுருட்டுகிற மாதிரிக் கூட்டம் நாலு பக்கத்திலிருந்தும் சுருண்டு, வள்ளத்துக்குப் பின்னால் ஒரே வாலாக வந்து சேரும்.

இதைப் பார்க்கவென்றே கள்ளுக்கடையிலிருந்து ஆட்கள் குவளையோடு எழுந்து தோட்டோரம் வந்து நிற்பார்கள். கெடுதல் அங்கேதான் தொடங்கியது என்பது அவன் மனைவி ஏலியம்மாவின் கட்சி. ஆள் இல்லாத இடத்தில் கூப்பிட்டவரைக்கும் அது வேலை. ஆள் பார்க்கத் தொடங்கியதும் அது கச்சேரி ஆகிவிட்டது.

"எடீ, நம்ம பிஷப்பு வந்து பூசை வெச்சப்போகூட இவ்ளோ கூட்டம் இல்ல," என்பான் வீட்டுக்கு வந்து.

"பிஷப்பு கள்ளுக்கடைக்கு எதிர்லயா நின்னாரு?" என்பாள் ஏலியம்மா, சட்டியில் மரவள்ளிக்கிழங்கைக் கிளறிக்கொண்டே.

அவன் சிரிப்பான். சிரிக்கத் தெரிந்த ஆள்தான். கை நீட்டிக் கேட்டவனுக்கு முட்டை இல்லை என்று சொன்னதில்லை. ஒரு வாத்தைக் கோலால் அடித்ததில்லை. பெருவெள்ளம் வந்த வருஷம் பக்கத்துக் கரைப் பாச்சனின் கூட்டம் அடைப்பை உடைத்துக்கொண்டு காயலுக்குள் அடித்துப் போனபோது, சுழல் ஓடுகிற தண்ணீரில் சின்ன வள்ளத்தை இறக்கிப் போய், குரல் கொடுத்து கொடுத்து மொத்தத்தையும் திருப்பிக் கொண்டுவந்தது அவிராச்சன்தான். மூன்று நாளாகத் தீனி காணாத வாத்துகள் அவை. அந்தச் சின்ன விஷயத்தை அவிராச்சன் எந்தக் காலத்திலும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தவன் வாத்தே தன் குரலுக்கு வந்ததே என்பதுதான் மனசில் நின்றது. அன்றிலிருந்து குஞ்சுகளுக்குக் கீறல் போடுவதை நிறுத்திவிட்டான்.

குட்டநாட்டில் வாத்து வைத்திருக்கிற எவனும் செய்கிற காரியம் அது. குஞ்சாக இருக்கும்போதே விரலுக்கு நடுவில் இருக்கும் சவ்வில் பிளேடால் ஒரு சின்னக் கீறல். ஒருவனுக்கு வலதுகால் வெளிச்சவ்வு, இன்னொருவனுக்கு உள்சவ்வு என்று கரைக்குக் கரை பேசி வைத்திருப்பார்கள். ஆயிரம் வாத்து கலந்தாலும் காலைத் தூக்கிப் பார்த்தால் போதும். கீறியது யாரோ அவர்களுடைய வாத்து. அதற்குமேல் பேச்சு கிடையாது; சர்ச்சில் அச்சன் வந்து சொன்னாலும் கிடையாது.

"ஊர்ல எல்லார் வாத்துக்கும் கீறல் இருக்கு. நம்மளதுக்கு மட்டும் இல்ல," என்று ஏலியம்மா தொடங்குவாள். "நாளைக்கி எங்கயாவது கலந்தா என்ன செய்வீங்க மனுஷா?"

"கூப்பிடுவேன்."

"தொண்டை கட்டிக்கிட்டா?"

"எனக்கா? தொண்டையா?"

"செத்துக்கித்துப் போயிட்டா?"

"அப்புறம் உனக்கு வாத்து எதுக்குடீ? எவனையாவது கட்டிக்கிட்டுப் போயிரு."

"இந்த வயசுல எனக்கு எவன் வருவான்? அதான் இருக்கிறதையாவது கீறி வெப்போம்னு சொல்றேன்."

அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "பெத்த பிள்ளைக்கு யாராவது சூடு போட்டு வெப்பாங்களா?" என்று கேட்பான். அந்தக் கேள்வியில் பாதி பாசம், பாதி வீம்பு. எது எங்கே முடிகிறது என்று இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் செய்த ஏலியம்மாவுக்கே பிடிபடவில்லை.

ஒரு வருஷம் மழைக்கு முன்னால் நோய் வந்து கூட்டம் மொத்தமும் போயிற்று. வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் வந்து எரித்துவிட்டுப் போனார்கள். மழைக்காலம் முழுக்க அவிராச்சன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். மகள் சங்கனாச்சேரியில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வந்து பார்த்து அழுதுவிட்டுப் போனாள். ஏலியம்மா அழவில்லை. கறவை மாட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, வந்த காசுக்குக் குஞ்சு வாங்கி, கூடை கூடையாக வள்ளத்தில் கொண்டுவந்து இறக்கினாள்.

வெளியே மழை. குஞ்சுக்குச் சூடு வேண்டும். உள் அறையில் உமி பரப்பி, பல்பு தொங்கவிட்டு, தன் பாயை வாசலுக்கு நகர்த்திக்கொண்டாள். குழைய வடித்த சோறும் பொடியாக நறுக்கிய மத்தித் தலையும் பிசைந்து பிசைந்து போட்டாள். ஒரு கூட்டம் தின்று முடிப்பதற்குள் முதலில் தின்றவை மறுபடி பசி என்று கத்தும். உமியை மாற்றுவது, தண்ணீர் மாற்றுவது, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டாமல் பிரித்துவிடுவது. இடுப்பு நிமிர நேரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் மற்றப் பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அத்தனை நாற்றம். "நல்லதாப் போச்சு, காலை நீட்டிக்கிட்டு ஜெபம் பண்ணலாம்," என்றாள் ஏலியம்மா.

மழை விட்டு, குஞ்சுகளைத் தோட்டில் முதன்முதலாக இறக்கின அன்று அவிராச்சன் எழுந்து வந்தான். தாடியும் முடியுமாகப் படியில் நின்று, தண்ணீரில் குதிக்கிற மஞ்சள் உருண்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிவிட்டு ஓர் இழுப்பு இழுத்தான். அத்தனையும் திரும்பி அவனிடம் நீந்தி வந்தன. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கே அவை அவனுடைய வாத்துகள் ஆகிவிட்டன. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஏலியம்மாவும்தான்.

ஆனால் அவள் ஒரு காரியம் செய்தாள். சர்ச்சுப் புண்ணியாளன் பெருநாளுக்கு அவிராச்சன் கூட்டாளிகளோடு வள்ளம் ஏறிப் போயிருந்தபோது, கூலியாள் பொன்னப்பனைக் கூப்பிட்டு அடைப்புக்குள் உட்காரவைத்தாள்.

"காலைப் பிடி."

"யாரு காலை சேச்சி?"

"என் காலையா பிடிக்கச் சொல்றேன்? வாத்துக் காலைடா."

"அச்சாயனுக்குத் தெரிஞ்சா?" ஊரில் எல்லாருக்கும் அவிராச்சன் அச்சாயன்தான்.

"நீ சொன்னாத்தான் தெரியும்."

பாச்சனுடைய அடையாளம் வலதுகால். ஏலியம்மா இடதுகால் வெளிச்சவ்வை எடுத்துக்கொண்டாள். ஒரு கீறல், ஒரு சிட்டிகை மஞ்சள், விடு. இன்னொன்று. பொன்னப்பன் பிடிக்க அவள் கீற, உச்சியிலிருந்து பொழுது சாயும்வரை குனிந்த தலை நிமிரவில்லை. முக்கால்வாசிக் கூட்டம் முடிந்திருக்கும். தோட்டு வளைவில் அவிராச்சனின் பாட்டுக் கேட்டது. பெருநாள் முடிவதற்குள்ளேயே யாரோடோ சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். ஏலியம்மா பிளேடை இடுப்பு முடிச்சில் சொருகிக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். மீதியைக் கீற அப்புறம் நேரம் வாய்க்கவில்லை.

கோடை வந்தது, நெல் அறுப்பு முடிந்தது. ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம். வாத்துக்காரனுக்கு இதுதான் வருஷம். நோன்பு முடிகிற அன்று கோட்டயம் முதல் ஆலப்புழை வரை ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் வாத்து வேக வேண்டும். அதற்குள் அறுத்த வயலில் உதிர்ந்த நெல்லைத் தின்னவிட்டுக் கொழுக்கவைக்க வேண்டும். அந்த விற்பனைதான் அடுத்த மழைவரை சோறு. மாடும் இல்லை, வேறு நிலமும் இல்லை. இந்தத் தடவை தவறினால் அவிராச்சன் இன்னொருவன் வாத்துக்குக் கோல் பிடிக்கப் போக வேண்டியதுதான். ஏலியம்மாவுக்கு இது ராத்திரியும் பகலும் நெஞ்சில் கிடந்தது. அவிராச்சனுக்கோ வேறொரு துக்கம். நோன்புக்காகக் கள்ளை விட்டிருந்தான். கடை வாசலில் வள்ளம் போகும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். நாக்கு வறண்டு, சிடுசிடுப்பு ஏறிக்கொண்டே வந்தது.

ஆற்றுமுகப் பாடம் என்கிற வயல்வெளியை வயல் கமிட்டிக்காரர்கள் இரண்டாகப் பிரித்து, வடக்குப் பாதி அவிராச்சனுக்கு, தெற்குப் பாதி பாச்சனுக்கு என்று பேசிக் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் காலையில் அவிராச்சன் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போனபோது பாச்சனின் வாத்துகள் தெற்கே இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற காவல்காரன் சாக்கோ கையை உயர்த்தினான். வாய் ஓயாத ஆள்.

"அச்சாயா, நடுவுல வலை கட்டிட்டு இறக்குங்க. பாச்சன் வலை குடுத்துட்டுப் போயிருக்கான், பாருங்க."

"யாருக்குடா வலை?"

"வாத்துக்குத்தான். எனக்கா கட்டப் போறீங்க?"

"என் தொண்டைதான்டா வலை," என்றான் அவிராச்சன். மடையைத் திறந்து கூட்டத்தை உள்ளே விட்டான்.

சின்ன வள்ளத்தில் பின்னால் வந்த ஏலியம்மா வலைச்சுருளைப் பார்த்தாள். பொன்னப்பனைப் பார்த்தாள். பொன்னப்பன் வலைப் பக்கம் ஓர் எட்டு வைத்தான்.

"தொட்டேன்னா கையை ஒடிச்சிருவேன்," என்றான் அவிராச்சன், திரும்பிப் பார்க்காமலேயே.

அறுப்பு மெஷின் போன தடத்தில் நெல் சிந்திக் கிடந்தது. வாத்துகள் தலையைத் தூக்கவே இல்லை. தாளுக்கு அடியில் அலகைவிட்டு அரித்து அரித்து, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, நெல் இருந்த பக்கமெல்லாம் போயின. நெல்லுக்கு வடக்கு ஏது, தெற்கு ஏது. கஞ்சி குடிக்கிற நேரம் வந்து ஏலியம்மா தூக்குவாளியைத் திறந்தபோது நடு வயலில் ஒரே கூட்டம்தான் இருந்தது. செம்பழுப்பும் கருஞ்சாம்பலுமாக வேனலில் பளபளத்துக்கொண்டு. எது யாருடையது என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

பாச்சன் வரப்போடு ஓடிவந்தான். நெட்டையான ஆள், ஓடும்போது முழங்கால் நெஞ்சில் இடிக்கும். வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டே கும்பிட்டான்.

"அச்சாயா, ஒண்ணும் பதறாதீங்க. என்னோடது எல்லாத்துக்கும் வலதுகால்ல கீறல் இருக்கு. வலையில அடைச்சு, ஒரு வாசல் விட்டு, ஒண்ணொண்ணாப் பாத்து விட்டுருவோம். கீறல் இல்லாததெல்லாம் உங்களோடது. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுரும்."

அதைவிட நியாயமான பேச்சு உலகத்தில் இல்லை. அவிராச்சனுக்கும் தெரிந்தது. அவன் தலை ஆடத் தொடங்கியதை ஏலியம்மா பார்த்தாள். கர்த்தாவே, இந்த ஒருதடவை, என்று அவள் மனசுக்குள் சொல்லி முடிக்கவில்லை. மூட்டை தூக்க வந்தவர்களும் கள்ளுக்கடைக் கூட்டமும் அதற்குள் வரப்பில் வந்து குந்தியிருந்தார்கள். சாக்கோ குடையை மடக்கிக்கொண்டு சொன்னான்:

"அப்போ கடைசியில பாச்சனோட கீறல்தான் அச்சாயனோட வாத்தைக் காப்பாத்துது!"

வரப்பு முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. வெயிலில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கிற சிரிப்பு. ஆடத் தொடங்கிய தலை அப்படியே நின்றது.

"எடா பாச்சா. உன் கீறலை நீயே வெச்சுக்கோ," என்றான் அவிராச்சன். "நான் கூப்பிடுறேன். வர்றது என்னோடது. வராதது உன்னோடது."

"வேணாம் அச்சாயா."

"பயமா?"

"பயம்தான். இப்பத்தான் தின்னு முடிச்சிருக்கு. வயிறு நெறைஞ்ச வாத்து பெத்த அம்மா கூப்பிட்டாலும் வராதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். வெயில் தாழட்டும். பசிச்சா தானா வரும்."

"பசிச்சு வந்தா அது தீனிக்கு வர்றது. எனக்கு வர்றதாடா?"

ஏலியம்மா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"மனுஷா, கஞ்சி குடிச்சிட்டுக் கூப்பிடுங்க. தொண்டை நனையட்டும்." ஏதாவது சொல்லிக் கொஞ்ச நேரத்தைக் கடத்தப் பார்த்தாள்.

"தள்ளி நில்லு."

"அதுங்க எல்லாம் நம்ம வருஷச் சோறு."

"அதான் சொல்றேன். சோறா இருந்தா வராது. பிள்ளையா இருந்தா வரும். தள்ளி நில்லுடீ."

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். வயலின் நடுவில் போய் நின்றான். காலை அகட்டி, நெஞ்சை நிமிர்த்தி, ஓர் இழுப்பு இழுத்தான்.

அந்தக் கூப்பாட்டை இன்றைக்கும் சொல்வார்கள். அவன் வாழ்நாளிலேயே அப்படிக் கூப்பிட்டதில்லை. தூரத்துத் தென்னைகளிலிருந்து காக்கை எழும்பியது. அக்கரையில் ஒரு நாய் பதில் கொடுத்தது. வாத்துகள்? சில கழுத்தைத் தூக்கின. ஒரு சேவல் வாத்து அவனை நன்றாக உற்றுப் பார்த்தது. பார்த்துவிட்டு இறக்கையை ஒருதரம் உதறி, அலகை முதுகுக்குள் சொருகிக்கொண்டு தூங்கிவிட்டது. மற்றவை கூட்டமாக, சாவகாசமாக, தெற்கே இருந்த வாய்க்கால் நிழலுக்கு நடந்தன. பாச்சனின் வாத்துகளுக்கு அந்த நிழல் பழக்கம். அவை போக, இவையும் போயின.

"ஹோ... ஹோய்..."

இரண்டாவது கூப்பாட்டில் ஒரு பெட்டை வாத்து வந்தது. ஒரு கால் பிறவியிலேயே கோணல். கூட்டத்தோடு ஓடமுடியாமல் பின்தங்கிப்போனதுதான். தத்தித் தத்தி வந்து அவன் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

"ஒண்ணு வந்திருச்சு," என்றான் சாக்கோ. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அவிராச்சன் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்தது. முகத்தில் ரத்தம் ஏறியது. கடைசியில் குரல் நடுவில் கீறலிட்டு, உடைந்த குழாயில் காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. கள்ளுக்கடைக்காரர்கள் குவளையைக் கீழே வைத்தார்கள். போதும் அச்சாயா என்று ஒருவன் மெல்லச் சொன்னான்.

அவன் குனிந்து நொண்டிப் பெட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"பாச்சா. எடுத்துக்கோ."

"அய்யய்யோ, எனக்கு வேணாம் அச்சாயா. வெள்ளத்துல என் கூட்டத்தைக் கொண்டுவந்து குடுத்தவரு நீங்க. உங்க வாத்தைத் தின்னா எனக்குச் செரிக்காது."

"அவிராச்சன் சொன்னா சொன்னதுதான். வராதது உன்னோடது."

"நீங்க சொல்லிக்கோங்க. நான் எடுக்க மாட்டேன்." பாச்சன் கோபத்தோடு வாய்க்காலுக்குள் இறங்கி, கைக்கு அகப்பட்ட ஒரு வாத்தைப் பிடித்துத் தூக்கினான். "பாருங்க எல்லாரும். வலதுகால். கீறல் இருக்கா? இல்ல. அப்போ இது அச்சாயனோடது. எல்லாரும் பாத்துக்கோங்க, நான்..."

அவன் பேச்சு நின்றது. வாத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வெயிலுக்குக் காட்டினான்.

"அச்சாயா... இடதுகால்ல கீறியிருக்கே."

வரப்பில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பாச்சன் இன்னொன்றைப் பிடித்தான். இடதுகால். இன்னொன்று. இடதுகால்.

"ஊருக்கு ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு கீறலா!" என்று யாரோ கத்தினார்கள். இப்போது சிரிப்பு கிளம்பியது பாருங்கள், வரப்பே இடிந்து விழும்போல. சாக்கோ சிரித்துச் சிரித்துக் குடைமேலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவிராச்சன் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. ஏலியம்மாவைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. பக்கத்தில் நின்ற பொன்னப்பன்தான் முந்திக்கொண்டான்.

"நான் காலைத்தான் பிடிச்சேன் அச்சாயா. கீறினது நான் இல்ல."

அவிராச்சனுக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு வார்த்தை. ஆமாம், என் வீட்டுக் கீறல்தான் என்று சொன்னால் போதும். கொஞ்சம் சிரிப்பார்கள்; அந்த வாரம் முழுக்கச் சிரிப்பார்கள்; பிறகு வேறு யாராவது வள்ளத்திலிருந்து விழுவான், அவனைப் பார்த்துச் சிரிக்கப் போய்விடுவார்கள். வாத்துகள் வீட்டுக்கு வந்துவிடும். பாச்சனே கையில் வாத்தோடு, சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்சுகிற முகத்தோடு நின்றான்.

"என் வாத்துக்குக் கீறல் கிடையாது," என்றான் அவிராச்சன். குரல் இல்லை, காற்றுதான் வந்தது. இருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது. "அது என் வாத்து இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் நொண்டிப் பெட்டையோடு வரப்பில் ஏறி, வள்ளத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். அந்த நடையில் ஒரு ராஜகளை இருந்தது. அதை ஏலியம்மாவால் மறுக்க முடியவில்லை. அடுப்பில் ஏறாத ராஜகளை.

அவள் முண்டின் நுனியை இடுப்பில் சொருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள். பாச்சன் கையிலிருந்த வாத்தை வாங்கினாள்.

"அவரு சொன்னது சரிதான்," என்றாள், வரப்புக்கு எல்லாம் கேட்கிற மாதிரி. "இது அவரோடது இல்ல. என்னோடது."

"சேச்சி?"

"இடதுகால் கீறல் என் கீறல். நான் கீறினது. இந்தப் பொன்னப்பன் சாட்சி. கீறினது யாரோ வாத்து அவங்களோடதுன்னு இந்த ஊர்ல பேச்சா இல்லையா?"

சாக்கோ குடைமேலிருந்து எழுந்தான். "இருக்கு," என்றான். "அந்தப் பேச்சு இருக்கு."

"என் வாத்தைக் கூப்பிட்டுத் தோத்துப்போக அவருக்கு என்ன பாத்தியதை? அவரு வாத்தை அவரு பந்தயம் வெச்சாரு. என்னோடதை நான் வெக்கல. வலையை எடுடா பொன்னப்பா."

வரப்பில் முதலில் கைதட்டியது மூட்டைக்காரர்கள். அப்புறம் எல்லாரும் இறங்கி வந்து வலை பிடித்தார்கள். நடந்துபோய்க்கொண்டிருந்த அவிராச்சன் ஒரு நொடி நின்றான். திரும்பவில்லை. மறுபடி நடந்தான்.

பொழுது சாயும்வரை பிரித்தார்கள். வலை வாசலில் பாச்சனும் ஏலியம்மாவும் எதிரெதிரே குந்திக்கொண்டு ஒவ்வொரு காலாகப் பார்த்தார்கள். வலது, தெற்கே. இடது, வடக்கே. இரண்டு காலிலும் கீறல் இல்லாதது வந்தபோதெல்லாம் பாச்சன் அதை வடக்கே தள்ளப் பார்த்தான். ஏலியம்மா அவன் கையைத் தட்டினாள்.

"அது அவரு வாக்குக் குடுத்தது. உன்னோடது."

"சேச்சி, விடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"அவருக்குத் தெரியும். வாக்காவது மிச்சம் இருக்கட்டும்டா அந்த மனுஷனுக்கு. எடுத்துக்கோ."

கூட்டத்தில் கால்வாசி அப்படிப் போயிற்று. எல்லாம் நன்றாகக் கொழுத்த வாத்துகள். ஒவ்வொன்றாகத் தெற்கே போகும்போது ஏலியம்மா தன் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரிக் கொடுத்தாள். நொண்டிப் பெட்டைக்கு மட்டும் யாரும் வழக்குப் பேசவில்லை. கூப்பிட்டதற்கு வந்தது, அது அவிராச்சனுடையது.

அவன் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். ஏலியம்மா கஞ்சி வைத்தாள், குடித்தான். கூப்பிட்டாள், திரும்பவில்லை. குரலும் திரும்பவில்லை. கஷாயம் போட்டுக் கொடுத்தாள். ஊதி ஊதிக் குடித்துவிட்டு மறுபடி சுவர். வெளியில் அவனுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது: ஏலியம்மாவோட ஆளு. ஈஸ்டருக்கு வாத்து பேச வந்த வியாபாரிகள் வாசலில் நின்று, "வாத்துக்காரச் சேச்சி இல்லையா?" என்று கேட்பது உள்ளே படுத்திருந்தவனுக்குக் கேட்கும். ஏலியம்மா ஒருவனிடம் சொன்னாள்: "உள்ள ஒரு அச்சாயன் இருக்காரு. அவரு விற்பனைக்கு இல்ல." உள்ளே கட்டில் ஒருதரம் கிறீச்சிட்டது. அது கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

கூட்டத்தை அவளும் பொன்னப்பனுமாக ஓட்டினார்கள். ஏலியம்மாவுக்குத் தொண்டை கிடையாது. அலுமினியத் தட்டைத் தட்டிக்கொண்டு போனாள். வாத்துகள் தட்டுச் சத்தத்துக்குப் பயந்து முன்னால் ஓடின. பின்னால் வர வேண்டியவை முன்னால் ஓடினால் அதைத் துரத்துகிற பாட்டைக் கேட்க வேண்டாம். தோட்டில் வள்ளம் ஒரு பக்கம், வாத்து ஒரு பக்கம், பொன்னப்பன் கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு பக்கம். அவள் தோள்பட்டை இறங்கிவிட்டது. கரையில் நின்ற பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் தட்டினாள். அழுதுகொண்டு வாத்து ஓட்ட நேரம் இல்லை. ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

அப்படி ஒரு நாள் காலை முட்டை பொறுக்கி முடித்து, அடைப்பைத் திறந்துவிட்டு, வள்ளத்துக்கு வந்தாள். பின்முனையில் ஓர் ஆள் துடுப்போடு உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. வழக்கமாக நிற்கிற முன்முனையைக் காலியாக விட்டிருந்தான்.

பொன்னப்பன் ஏலியம்மாவைப் பார்த்தான். அவள் ஏறி முன்னால் நின்று, கழுக்கோலை எடுத்தாள். பிடிக்கத் தெரியாமல்தான் பிடித்தாள். பின்னால் இருந்தவன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தான். தொண்டையைச் செருமினான். கரகரவென்று பாதிக் குரல் வந்தது.

"இன்னைக்கி எங்க ஓட்டணும்?"

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது, சாப்பாட்டைத் தவிர.

"தெக்கே," என்றாள்.

தெற்கே ஒன்றும் இல்லை. நேற்றே வழித்துத் துடைத்த வயல். வடக்கே முந்தின நாள்தான் மெஷின் இறங்கியிருந்தது. புது வைக்கோல் வாசனை காற்றில் மூக்கைத் துளைத்தது. அவிராச்சனின் வாய் திறந்தது. பொன்னப்பன் அவசரமாக வானத்தைப் பார்த்தான். வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்து, மெல்ல மூடியது.

"சரி," என்றான்.

வள்ளம் கரையைவிட்டு நகர்ந்தது. ஏலியம்மா திரும்பாமல் நின்றாள். தோள் குலுங்கியது.

"வடக்கேன்னு சொல்ல வந்தீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்ல வரல."

"வைக்கோல் வாசனை வடக்கேருந்துதானே வருது?"

"உன் மூக்கு. உன் வாத்து."

அவளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். கோல் கையைவிட்டு நழுவப் பார்த்தது.

"சரி மனுஷா. வடக்கேயே திருப்புங்க."

வள்ளம் முன்னமே பாதி வடக்கே திரும்பியிருந்தது.